காமன்ஸ்ல போட்டோ போடுறீங்களா? லைசென்ஸ்ல டிக் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன வருஷம் தை மாசம் ஒரு பாத்திரக்கடையில குடுத்த காலண்டர வீட்டுல ஆணியில மாட்டிட்டு சும்மா பாத்துட்டு இருந்தேன், ஏப்ரல் மாசத்துக்கு தஞ்சாவூர் பெரிய கோயில், சாயங்கால வெளிச்சம், இடது ஓரத்துல ஒரு அக்கா பூக்கூடையோட நடந்து போறாங்க. அட இது நான் எடுத்த படமாச்சே! பேரு எங்கயுமே இல்ல. செம கோவம். அப்புறம் விக்கிமீடியா காமன்ஸ்ல, அதான் விக்கிபீடியாவுக்கு படம், வீடியோ சேத்து வைக்கிற பொதுக் கிடங்கு, அங்க என் பக்கத்த தொறந்து பாத்தா, நானே கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்போட சிசி பை எஸ்ஏ 4.0 லைசென்ஸ்ல டிக் போட்டு வச்சிருக்கேன், அதாவது என் பேர போட்டுட்டு (பை), மாத்தி ஏதாவது செஞ்சா அதயும் இதே லைசென்ஸ்ல குடுத்துட்டு (எஸ்ஏ), யார் வேணா பிரிண்ட் போட்டு வித்துக்கோன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். அவங்க பண்ண தப்பு பேரு போடாததும் லைசென்ஸ சொல்லாததும்தான். காசுக்கு வித்தாங்கங்கிறதுக்காக மட்டும் எனக்கு ஒரு ரூபா கேக்க வழியில்ல. அன்னைக்குத்தான் உக்காந்து முழுசா படிச்சேன்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லீங்க. 2014 கடைசில ஃப்ளிக்கர்ங்கிற போட்டோ தளத்துல, ஜனங்க சிசி பைல போட்டிருந்த படங்கள சுவத்துல மாட்டுற கேன்வாஸ் பிரிண்ட்டா விக்க ஆரம்பிச்சாங்க, லைசென்ஸ் படி அதுல தப்பே இல்ல, ஆனா படம் எடுத்தவங்க அவ்ளோ சத்தம் போட்டதுல அடுத்த மாசமே நிறுத்திட்டாங்க. 'ஃப்ரீயா குடுத்தா ஃப்ரீயாத்தான யூஸ் பண்ணுவாங்க'ன்னு நாம மனசுக்குள்ள நெனச்சுக்குறோம், லைசென்ஸ்ல அப்படி ஒரு வரியே கெடையாது.

சரி அப்போ என்சி, அதான் வணிகத்துக்கு கூடாதுங்கிற லைசென்ஸ் போட்டுடலாம்னு தோணும். காமன்ஸ்ல அது செல்லாது, என்டியும், அதான் படத்த மாத்தக் கூடாதுங்கிறதும், செல்லாது, ரெண்டுல எது இருந்தாலும் படத்த தூக்கிடுவாங்க. இதுக்கு நம்ம ஆளுங்க ஒரு குறுக்கு வழி வச்சிருக்காங்க, சிசி பைனு டிக் போட்டுட்டு கீழ விளக்கத்துல 'வணிகப் பயன்பாட்டுக்கு என்னிடம் அனுமதி பெறவும்'னு ஒரு வரி எழுதிடுறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கூடுதலா கண்டிஷன் சேத்தா அத சிசி லைசென்ஸ்னே சொல்லக்கூடாதுன்னு கிரியேட்டிவ் காமன்ஸ்காரங்களே சொல்லிட்டாங்க, எடுத்து யூஸ் பண்றவனுக்கு மேல இருக்குறத நம்புறதா கீழ இருக்குறத நம்புறதான்னு குழப்பம். என்சிதான் வேணும்னா ஃப்ளிக்கர்லயோ இன்டர்நெட் ஆர்க்கைவ்லயோ போடுங்க, அங்க அதுக்கு இடம் இருக்கு. ஆனா விக்கிபீடியா கட்டுரையில உங்க படம் வராது, விளம்பரம் போட்டு சம்பாதிக்கிற ஒரு சின்ன யூட்யூப் சேனல்காரர்கூட தொடப் பயப்படுவாரு. என்டி போட்டா இன்னொருத்தர் உங்க வீடியோவ தமிழ்ல டப் பண்ணிப் போடக்கூட முடியாது. எனக்கு என்டி மேல சுத்தமா மரியாதை இல்ல, அத போடுறதுக்கு பேசாம எல்லா உரிமையும் எனக்கேன்னு வச்சுக்கலாம்.

இதெல்லாம் கூட பரவால்ல. நான் பாத்ததுலயே பெரிய கூத்து 'இது என் சொந்தப் படைப்பு' பட்டன்தான். நம்மளுது இல்லாத ஒண்ண ஊருக்கு தானம் பண்றது.

பாரதியார் படத்த ஸ்கேன் பண்ணி 'சொந்தப் படைப்பு, சிசி பை எஸ்ஏ'ன்னு போடுறாங்க. அவரு 1921லயே போயிட்டாரு, நீங்க எப்போ கேமராவோட போனீங்க? ஸ்கேனர் பட்டன அமுக்குனதுக்காக காப்பிரைட் வராதுங்க. அந்த மாதிரி பழைய படத்துக்கு பொதுவுடைமைங்கிற (பப்ளிக் டொமைன், அதாவது காப்பிரைட் முடிஞ்சது) டேக் தனியா இருக்கு, யார் எடுத்தது, எப்போ, எந்த புத்தகத்துல இருந்து எடுத்தீங்கன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதிட்டு அத போடணும். உங்க பேருல லைசென்ஸ் போட்டா, உண்மையிலயே ஃப்ரீயா கெடக்குற ஒண்ணுக்கு நீங்க வேலி போட்ட மாதிரி.

கல்யாண போட்டோ எடுக்குற தம்பிங்க இத கவனிக்கணும். இந்திய காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, காசு வாங்கிட்டு ஒருத்தர் கேட்டு எடுத்துக் குடுத்த போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி, முதல் உரிமை காசு குடுத்தவருக்குத்தான். ஸ்டுடியோகாரர் ஹார்ட் டிஸ்க்ல ஒரிஜினல் இருக்கலாம், ஆனா அத காமன்ஸ்ல போட அவரால முடியாது, பொண்ணு வீட்டுக்காரங்க இல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, யாரு ஆர்டர் குடுத்தாங்களோ அவங்ககிட்ட எழுதி வாங்கணும். சம்பளத்துக்கு வேலை பாக்குற எடத்துல வேலைக்காக எடுத்ததும் பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும். அதே மாதிரி உங்க போன்ல உங்கள வழிப்போக்கர் ஒருத்தர் எடுத்துக் குடுத்த படம் இருக்கே, போன் உங்களோடது, மூஞ்சி உங்களோடது, ஆனா எடுத்தது அவரு. சிரிப்பா இருக்கும், ஆனா சட்டப்படி அது அவரோட படம்.

ஊர்ல தெருக்கூத்து நடந்தா விடிய விடிய ரெக்கார்ட் பண்ணி அடுத்த நாளே அப்லோட் பண்ணிடுவோம். அந்த வீடியோவுல உங்க பங்கு ஒரு லேயர்தான், ஆடிப் பாடுனவங்களுக்கு பிரிவு 38ல தனி உரிமை இருக்கு, அது 50 வருஷம். கூத்து வாத்தியார்கிட்ட முன்னாடியே போய், 'இத நான் நெட்ல போடப்போறேன், யார் வேணா எடுத்துக்கலாம், விக்கவும் செய்யலாம், பரவால்லயா'ன்னு அந்த 'விக்கவும் செய்யலாம்'கிறதயும் சேத்து கேட்டு எழுதி வாங்கிடுங்க. அத முழுங்கிட்டு கேக்குறதுதான் எல்லாரும் பண்றது. நடுவுல ஸ்பீக்கர்ல சினிமா பாட்டு ஓடுச்சுன்னா அந்தப் பகுதிய வெட்டிடுங்க.

தெருவுல இருக்குறதெல்லாம் பொதுச் சொத்துன்னு இன்னொரு நெனப்பு. பிரிவு 52 கட்டிடத்துக்கும், பொது எடத்துல நிரந்தரமா இருக்குற சிலைக்கும் சலுகை குடுக்குது, அதனால மெரினா உழைப்பாளர் சிலைய எடுத்து உங்க லைசென்ஸ்ல தாராளமா போடலாம். ஆனா சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை கெடையாது. கண்ணகி நகர்ல பில்டிங் சுவர் முழுக்க வரைஞ்சிருக்காங்கல்ல, அவ்ளோ அழகு, ஒரு சுவர் ஓவியத்த மட்டும் நேரா எடுத்து காமன்ஸ்ல போட்டா நீக்குறதுக்கு நோட்டீஸ் வந்துடும், ஓவியர் ஓகே சொன்னாத்தான் நிக்கும். பேனர், சினிமா போஸ்டருக்கும் இதேதான்.

அந்த ஓகேவயும் எப்படி வாங்குறோம்னு ஒண்ணு இருக்கு. 'விக்கிபீடியாவுல போட்டுக்கோங்க தம்பி'ன்னு வாட்ஸப்ல வந்த மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தா அது பத்தாது. விக்கிபீடியாவுக்கு மட்டும்னு குடுத்த அனுமதிய காமன்ஸ் ஏத்துக்காது. எந்தப் படம், எந்த லைசென்ஸ், எத்தனாவது வெர்ஷன்னு பேரு சொல்லி, உரிமை இருக்குறவரே விக்கிமீடியாவோட அனுமதிக் குழுவுக்கு மெயில் போடணும்.

லைசென்ஸும் காப்பிரைட்டும் ஒண்ணில்ல, சிசி போட்டாலும் படம் உங்களோடதுதான். ஆனா குடுத்த அனுமதிய திரும்ப வாங்க முடியாது. அப்லோட் பண்ணி 7 நாளைக்குள்ள, யாரும் எங்கயும் யூஸ் பண்ணாம இருந்தா, கேட்டீங்கன்னா காமன்ஸ்ல எடுத்துடுவாங்க. அதுக்குள்ளயே ஒருத்தர் டவுன்லோட் பண்ணி வச்சிருந்தாலும் அவருக்கு அந்த லைசென்ஸ் அப்படியே இருக்கும். பின்னாடி இன்னும் தாராளமான லைசென்ஸ் ஒண்ணு சேத்துக்கலாம், இருக்குறத இறுக்க முடியாது.

எஸ்ஏ போட்டா உங்க படம் இருக்குற புத்தகம் பூரா ஃப்ரீயாகிடும்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. 2015ல அமெரிக்க கோர்ட்ல ஒரு கேஸ், சிசி பை எஸ்ஏல இருந்த போட்டோவ ஒரு மேப் கம்பெனி அட்லஸ் அட்டையில போட்டு வித்துச்சு, எடுத்தவரு கேஸ் போட்டாரு, தோத்துட்டாரு. அட்டையில ஒட்டுனா அட்லஸ் அந்த போட்டோவோட மறு ஆக்கம் ஆகிடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. எஸ்ஏங்கிறது உங்க படத்தையே மாத்தி புதுசா ஒண்ணு செஞ்சா அதுக்குத்தான்.

ஆளுங்க மூஞ்சி தெரியுற படத்துல கொஞ்சம் கூடுதலாவே யோசிங்க. 2007ல அமெரிக்காவுல ஒரு ஸ்கூல் பொண்ணு போட்டோவ தெரிஞ்சவர் ஃப்ளிக்கர்ல சிசி பைல போட, அத ஆஸ்திரேலியாவுல ஒரு மொபைல் கம்பெனி கிண்டலா ஒரு வாசகத்தோட பஸ் ஸ்டாப் விளம்பரமாவே போட்டுட்டாங்க. கேஸ் போயி, கம்பெனி அமெரிக்காவுல அந்த கோர்ட்டு எல்லைக்குள்ள வராதுன்னு தள்ளுபடி ஆச்சு. லைசென்ஸ், படம் எடுத்தவரோட காப்பிரைட்ட பத்தி மட்டும்தான் பேசும், படத்துல நிக்கிறவங்க சம்மதம் அதுல சேராது. எங்க அக்கா பையன் படம் நெறய இருக்கு என்கிட்ட, ஒண்ணுகூட போடல.

காலண்டர் கதைக்கு வரேன். அச்சகத்துக்கு போன் பண்ணி சண்டை போடாம விஷயத்த சொன்னேன். 4.0 வெர்ஷன்ல ஒரு நல்லது, தப்ப தெரிஞ்சுகிட்ட 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா, லைசென்ஸ மீறுனதால போன உரிமை அவங்களுக்கு தானா திரும்ப வந்துடும், பழைய வெர்ஷன்கள்ல அது இல்ல, அதனால வெறும் 'சிசி'ன்னு எழுதாம வெர்ஷன் நம்பரோட போடுங்க. அவரு பாவம், 'சார் கூகுள்ல எடுத்தோம்'னாரு. பேரு எப்படி போடணும்னு கேட்டாரு, அப்பத்தான் என் பக்கத்துலயே அது ஒழுங்கா இல்லைனு தெரிஞ்சுது, யூசர்நேம்னு ஏதோ நம்பரோட கெடக்கு. இப்ப எல்லா படத்துக்கும் கீழ என் பேரு, லைசென்ஸ், லிங்க்னு ரெடியா காப்பி பண்ற மாதிரி ஒரு வரி எழுதி வச்சுட்டேன். காலண்டர் அச்சாகி ஊருக்கே போயாச்சு, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியல. இந்த வருஷ காலண்டர்ல அதே பெரிய கோயில், அதே அக்கா, அதே பூக்கூடை, கீழ பொடி எழுத்துல என் பேரு. இனிஷியல்தான் தப்பு.