போட்டிக் கம்பெனி அரசுக்கு என்ன விலை போட்டது? ஆர்டிஐ மனுவில் கேட்டு வாங்கும் வழி

நீங்கள் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். அரசுக் கல்லூரி ஆர்டரெல்லாம் ஒரே போட்டியாளருக்குப் போகிறது. அவர் கடையில் சொல்லும் விலை ஊருக்கே தெரியும். டெண்டரில் போட்ட விலை அரசுக் கோப்பில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2005-இன் கீழ் அந்தக் கோப்பை 10 ரூபாய்க்குக் கேட்கலாம்.

முதலில் டெண்டர் இணையதளத்தையும், அரசு அலுவலகங்கள் ஆன்லைனில் பொருள் வாங்கும் ஜெம் (GeM) தளத்தையும் துழாவுங்கள். டெண்டர் எண், தேதி, யாருக்குப் போனது என்பதெல்லாம் பல சமயம் அங்கேயே கிடைத்துவிடும். எண்ணைக் குறிப்பிட்டால் "எந்தக் கோப்பு என்று தெரியவில்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது. டெண்டர் முடிந்த பிறகே கேளுங்கள்.

அடுத்து மனு. நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்வது தகவல் அலுவலரின் வேலையில்லை, கோப்பில் இருக்கும் தாளைக் கொடுப்பதுதான் வேலை. அதனால் தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

"மேற்கண்ட டெண்டரில் விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் ஆணை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பணம் பட்டுவாடா ஆன தேதியுடன் பில்கள் ஆகியவற்றின் நகல் தேவை."

எதற்கு என்று எழுத வேண்டாம். பிரிவு 6(2)-இன்படி காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமை குடிமக்களுக்கானது, அதனால் கம்பெனி லெட்டர்ஹெட் வேண்டாம், சொந்தப் பெயரில் அனுப்புங்கள்.

தமிழக அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். மத்திய அரசுக்கு போஸ்டல் ஆர்டர், இல்லாவிட்டால் ஆன்லைன். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். கோப்பு தடிமனாக இருக்கும் என்று தோன்றினால் நேரில் பார்வையிடக் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் போட்டியாளர் ரகசியம் என்று கொடுத்த தகவலாக இருந்தால் பிரிவு 11-இன்படி அவருக்கு நோட்டீஸ் போகும், ஆட்சேபிக்க 10 நாள் அவகாசம். யாரோ கோப்பைக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள். தொழில் ரகசியம் என்றால் பிரிவு 8(1)(டி)-ஐக் காட்டி மறுக்கலாம். அரசுப் பணம் கொடுத்து வாங்கிய விலை வேறு விஷயம். அதையும் சேர்த்து மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் மொத்த விலையோடு நின்றுவிடாமல் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். இயந்திரத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, ஃபில்டரும் மெம்பரேனும் மாற்றும் கணக்கில் லாபம் பார்க்கிறாரா என்பது அதில் தெரியும். அப்புறம் பில் தேதியையும் பட்டுவாடா தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பணம் எத்தனை மாதம் கழித்து வந்திருக்கிறது? உங்கள் கையிருப்பு அத்தனை மாதம் தாங்காது என்றால், அந்த அலுவலகத்தின் அடுத்த டெண்டர் உங்களுக்கானதல்ல.