செயற்கைத் துளை சோனார்: கடற்படுகைப் படத்தைக் கெடுக்கும் தவறுகள்

சோனார் என்பது ஒலித்துடிப்பை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு கடற்படுகையைப் படமாக்கும் கருவி. செயற்கைத் துளை சோனாரைத் தெளிவு கூடிய பக்கவாட்டு சோனார் என்று எண்ணிக் கடலில் இறக்குவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன. கலத்தின் பக்கங்களை நோக்கி ஒலியை வீசும் பக்கவாட்டு சோனார் ஒவ்வொரு ஒலித்துடிப்பையும் தனி வரியாக வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 100 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் 1 மீட்டர் நீளக் கருவிக்கு, 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலமும் 200 மீட்டரில் 3 மீட்டர் அகலமும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். செயற்கைத் துளை முறையிலோ, கலம் நகர நகரக் கிடைக்கும் எதிரொலிகளைக் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) பிசகாமல் ஒன்றுசேர்த்து, எதிரொலியை வாங்கும் மிக நீண்ட ஏற்பி ஒன்றை, அதாவது ‘செயற்கைத் துளையை’, கணக்கிலேயே உருவாக்குகிறோம். அதனால் பயணத் திசையிலான நுணுக்கம் தொலைவைச் சாராமல், ஏற்பி உறுப்பின் நீளத்தில் சுமார் பாதியாக நிற்கிறது. கலம் சென்ற பாதை துல்லியமாகத் தெரியாவிட்டால் அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும்.

திட்டமிடும்போதே தவிர்த்துவிடக்கூடிய தவறு, வேகத்தைக் கணக்கிடாமல் விடுவது. இரு துடிப்புகளுக்கு இடையே கலம், பல ஏற்பி உறுப்புகள் சேர்ந்த ஏற்பி வரிசையின் நீளத்தில் பாதிக்கு மேல் நகரக் கூடாது. வரிசை 1.2 மீட்டர், பார்க்க வேண்டிய தொலைவு 150 மீட்டர் என்று கொள்வோம். நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும் ஒலி போய்த் திரும்ப 0.2 நொடி ஆகும், அதற்குள் 0.6 மீட்டர்தான் நகரலாம் என்பதால், நொடிக்கு 3 மீட்டரே உச்ச வரம்பு. தொலைவை 200 மீட்டராக்கினால் அது 2.25 மீட்டராகக் குறையும். வரம்பைத் தாண்டினால், பொருளே இல்லாத இடத்தில் போலிப் பிம்பங்கள் தோன்றும்.

வரம்பை ஒட்டியே ஓட்டுவதும் சரியன்று. 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மில்லிமீட்டர். கலத்தின் இடமாற்றத்தை அதில் பத்தில் ஒரு பங்குக்கேனும் அறிய வேண்டும். கலத்தின் அசைவை உணர்ந்து அதன் இடத்தைக் கணிக்கும் நிலைமக் கருவியை மட்டும் நம்பினால் அந்தத் துல்லியம் நெடுநேரம் நிலைக்காது. அடுத்தடுத்த துடிப்புகளின் அளவீடுகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், அவற்றை ஒப்பிட்டுப் பாதையைத் திருத்தலாம். வேகத்தைச் சற்றுக் குறைப்பதே அந்தப் படிவுக்கு இடம் தருகிறது. குறுக்கு நீரோட்டத்தில் கலம் சாய்வாக நகர்வதையும், திரும்பி முடித்து நிலைபெறுமுன் பதிவைத் தொடங்குவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

ஒலியின் வேகத்தை ஒரே ஒரு முறை, அதுவும் மேல்மட்டத்தில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்வது மற்றொரு பிழை. வெப்பநிலையும் உப்பும் ஆழத்தோடு மாறும்போது வேகமும் மாறுவதால், எதிரொலிகளை ஒரு புள்ளியில் சேர்க்கும் குவிப்புக் கெட்டுப் படம் மங்கும். கலத்தின் பாதை வளைந்திருக்கையில், மேடுபள்ளமான படுகையைச் சமதளமாகக் கொண்டு கணக்கிட்டாலும் இதே விளைவுதான்.

படத்தைப் படிப்பதில், பொருள் ஒலியை மறைப்பதால் அதன் பின்னே விழும் நிழலே அதிகம் ஏமாற்றுகிறது. பொருளைப் பல இடங்களிலிருந்து பார்த்துத் தொகுப்பதால், பொருள் கூர்மையாகத் தெரியும்போதும் அதன் ஒலி நிழலின் விளிம்பு கலைந்திருக்கும். ஆழம் குறைந்த நீரில் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் நிழலை நிரப்பிவிடும். எனவே நிழலின் வடிவத்தை மட்டும் வைத்துப் பொருளை அடையாளம் காண முற்படக் கூடாது. கலத்துக்கு நேர் கீழே உள்ள பட்டை படத்தில் சரியாக விழாது என்பதால், பக்கத்துப் பாதை அதை மூடும்படி கோடுகளை அமைக்க வேண்டும்.

படம் உருவானதும் மூலப் பதிவுகளை இடம் போதவில்லை என்று அழித்துவிடுபவர்களும் உண்டு. ஒலியின் வேகமோ பாதையோ தவறாக எடுக்கப்பட்டது பின்னர் தெரியவந்தால், ஏற்பிவாரியான அந்தப் பதிவுகளிலிருந்துதான் படத்தை மீண்டும் கணக்கிட முடியும்.