அம்மா, மகள், கடல், சாபம்: கதையைக் கெடுக்கும் தவறுகள்

கடலோரத்தில் பாழடைந்த வீடு, வாய் திறக்காத அம்மா, பல வருடம் கழித்துத் திரும்பி வரும் மகள், பாட்டி காலத்துச் சாபம். இவற்றை வைத்து, பழைய வீடும் பழைய பாவமும் துரத்தும் கோதிக் வகைத் திகில் கதை எழுத ஆசைப்படாதவர்கள் குறைவு. நானும் இரண்டு எழுதினேன், இரண்டும் படுத்துவிட்டன, அதனால் எங்கே சறுக்கும் என்று ஓரளவு தெரியும்.

பெரிய தவறு, அம்மாவை வில்லியாக்குவது. மகளை அறையில் பூட்டுகிறாள், கடல் பக்கம் போகாதே என்று மிரட்டுகிறாள், கடைசியில் பார்த்தால் பேயே அவள்தான். சரி, அதற்கு ஒரு அம்மா எதற்கு? யார் வேண்டுமானாலும் அந்த வேலையைச் செய்யலாமே. குடும்பச் சாபம் அன்பின் வழியாக இறங்கும்போதுதான் வயிற்றைப் பிசையும். இந்தக் குடும்பத்துப் பெண்கள் தண்ணீரில்தான் சாவார்கள் என்று ஒரு சாபம் இருக்கிறது என்று வையுங்கள். அம்மா பயந்துபோய் மகளைத் தண்ணீர் பக்கமே விடாமல் வளர்க்கிறாள், அதனால் மகளுக்கு நீச்சல் தெரியாது. இப்போது அவளைக் கொல்லப்போவது சாபமா, அம்மாவா? கதை முடியும்வரை இதற்குப் பதில் சொல்லாதீர்கள்.

அடுத்தது, பரணில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கடிதம், கடிதத்தில் சாபத்தின் முழு விளக்கவுரை. யார் சபித்தார்கள், எத்தனை தலைமுறைக்கு, என்ன பரிகாரம் என்று எல்லாம் வரிசையாக. விளக்கம் முடிந்த இடத்தில் பயமும் முடிந்துவிடும். கோதிக்கின் முதல் நாவலாகச் சொல்லப்படும், 1764இல் வெளிவந்த 'ஒட்ராண்டோ கோட்டை'யின் முன்னுரையிலேயே, தந்தையர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை பிள்ளைகளைத் தொடரும் என்ற கருத்து வந்துவிடுகிறது. அங்கே பாவத்தோடு கோட்டையும் பட்டமும் சேர்ந்து கைமாறுகின்றன. அம்மா வழியில் பெரும்பாலும் அப்படி எதுவும் வராது, உடம்பும் பழக்கமும்தான் வரும். ஒரு பெண் சிசுவுக்கு, அது கருவில் இருக்கும்போதே கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதாவது நீங்கள் உருவான முட்டை, உங்கள் பாட்டியின் வயிற்றுக்குள் உங்கள் அம்மா இருந்தபோதே இருந்தது. இதைவிட நல்ல சாபக் கடிதம் பரணில் கிடைக்காது! பழக்கத்தையும் அப்படியே கடத்துங்கள்: பாட்டி குளியல் தொட்டித் தண்ணீரை விரல்விட்டு அளந்து பார்ப்பாள், அம்மாவும் பார்ப்பாள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அப்புறம் கடல். பலருக்கு அது வெறும் திரைச்சீலை, சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் தொங்கும். என் முதல் கதையில் தினமும் சரியாக நள்ளிரவில் கடல் ஏறி வாசல்படியைத் தொடும். கடலோரத்தில் வளர்ந்த நண்பர் படித்துவிட்டு, உன் கடல் என்ன கடிகாரம் பார்த்தா வருகிறது என்று கேட்டார். பெரும்பாலான கரைகளில் ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உயர்கிறது, அதனால் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அதிகமாக ஏறும், அரை நிலா நாட்களில் அடங்கும். இது இடைஞ்சல் என்று நினைத்தேன், பார்த்தால் வரம். ஓதத்தோடு வரும் பேய் இன்று நள்ளிரவில் வந்தால் நாளை ஒரு மணிக்குச் சற்று முன்னால் வரும், ஒரு வாரத்தில் விடியலைத் தொட்டுவிடும், வீட்டிலிருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே காத்திருக்கலாம்.

புயலையும் அடர்ந்த மூடுபனியையும் ஒரே காட்சியில் போடாதீர்கள், அவ்வளவு காற்றில் மூடுபனி பெரும்பாலும் கலைந்துவிடும். மூழ்குபவர் காப்பாற்றுங்கள் என்று நீளமாக அலறுவதும் வேண்டாம். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணம் மூச்சு இழுக்கவே பத்தாது, நிஜத்தில் பலர் சத்தமே இல்லாமல்தான் மூழ்குகிறார்கள். மகள் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நிற்க, பின்னால் அம்மா சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பது எந்த அலறலையும்விட மோசம்.

முடிவில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுததும் சாபம் விலகிவிடுவது இன்னொரு வழக்கம். என் இரண்டாவது கதை அங்கேதான் படுத்தது, இப்போது கடைசிப் பக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மகள் தப்பித்து, கடலே இல்லாத ஓர் ஊருக்குப் போய்விடுகிறாள். அங்கே ஒரு மாலை, குழந்தையைக் குளிப்பாட்டத் தொட்டியை நிரப்புகிறாள், நிரப்பிவிட்டு விரலை உள்ளே விடுகிறாள்.