ஒயில் பான் கசிவு: முதலில் மேலே பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தரையில் ஒருநாள் காலை, கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஒயில். இப்படிக் கண்டதும் ஒயில் பானை, அதாவது என்ஜினின் அடியில் ஒயில் தங்கும் தட்டைக் கழற்ற ஓடாதீர்கள். என்ஜினின் மேல்மூடியான வால்வ் கவர் கசிந்தாலும் வழிந்து வந்து பானின் அடியில்தான் சொட்டும். என்ஜின் ஆறியதும் நன்றாகத் துடைத்து, முகப்பவுடர் தூவி, காலி வீதியில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் நனைந்ததில் ஆக மேலே உள்ள இடம்தான் ஊற்று.

வடிகால் போல்ட் என்றால் சுகம். ஒயிலை வடித்து, புது வொஷர் போட்டால் சரி.

எங்கள் கொரோல்லாவில் கசிந்தது பான் விளிம்பு. அதற்கு இடையில் வைக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு இல்லை, சிலிக்கன் பசைதான். பஞ்சிகாவத்தையில் ஒரு டியூப் வாங்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம், காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம். ஒயிலை வடித்து, பானைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் மறுபடி கசியும். பிறகு துளி எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடையுங்கள். இதில்தான் எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. பசையை 3 மில்லிமீற்றர் கனத்தில், போல்ட் துளைகளின் உட்பக்கமாக அறாமல் இழுத்து, உடனே பானை ஏற்றிக் குறுக்குமறுக்காக மெல்ல இறுக்குங்கள். ஓர் இரவு காயவிட்டுப் புது ஒயில் ஊற்றுங்கள்.

பழைய ஒயிலைக் கானுக்குள் ஊற்றிவிடாதீர்கள், கலனில் அடைத்துச் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். எங்கள் கான்கள் நேரே கடலுக்குப் போகின்றன.