பால் பண்ணையில் தேன் வாங்கப் போனால் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

மாடு வைத்துப் பால் விற்கும் குடும்பங்களில் சிலர் நாலைந்து தேன்பெட்டியும் சேர்த்து வைத்திருப்பார்கள். வேலியோரம் மரம் இருக்கிறது, வயலில் ஏதோ ஒன்று பூக்கிறது, தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கிறது, மாட்டை விட்டு வீட்டார் எங்கும் போக முடியாது, அப்புறம் தேனீ வளர்க்க வேறென்ன வேண்டும்? பால் வாங்கப் போன இடத்தில் அலமாரியில் நாலு பாட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல தேனுங்களா?" என்று கேட்டு, "சுத்தமான தேனுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருவதுதான் பலரும் செய்வது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் எங்கேயாவது வருமா?

முதலில் வீட்டுச் சோதனைகளை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது, தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவது, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது, இவை எல்லாம் சேர்ந்து காட்டுவது மிஞ்சிப்போனால் தேன் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஈரம் என்பதைத்தான். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு இதில் பாஸாகிவிடும்; கொஞ்சம் ஈரம் கூடிய அசல் தேன் ஃபெயிலாகும். ஆய்வகத்திலேயே ஒரே சோதனையில் வேலை முடிவதில்லை. கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கலந்திருந்தால் கார்பன் ஐசோடோப்பு சோதனை பிடித்துவிடும், அரிசிப் பாகு அதில் தப்பிவிடும், அதற்கு என்எம்ஆர் மாதிரி வேறு கருவி வேண்டும். அவர்களுக்கே இந்தப் பாடு என்றால் தீக்குச்சி பாவம் என்ன செய்யும்? நேரில் வாங்குவதில் நமக்கு இருக்கும் வசதி ஒன்றே ஒன்றுதான்: பெட்டியைத் திறந்து எடுத்த ஆள் எதிரே நிற்கிறார், அவரிடம் கேட்கலாம்.

கேட்பதற்கு நேரம் பார்த்துப் போங்கள். கறவை நேரத்தில், அதாவது விடிகாலையிலும் மாலையிலும், போய் நின்றால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், பேசவும் முடியாது. முற்பகல் பத்து, பதினொரு மணி நல்ல நேரம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், கறுப்புச் சட்டை வேண்டாம், பெட்டியைப் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். கன்றுக்குட்டிகள் இருக்கும் பக்கம் கேட்காமல் நுழையக் கூடாது; நம் செருப்பில் ஒட்டி வருவது கன்றுக்குக் கழிச்சலாகலாம்.

முதல் கேள்வி: "பெட்டி எத்தனை இருக்கு, கடைசியா எப்ப எடுத்தீங்க, எவ்வளவு கிடைச்சது?" இதில் உளவு எதுவும் இல்லை, சாதாரண விசாரிப்புதான், ஆனால் நிறைய தெரிந்துவிடும். நாட்டுத் தேனீப் பெட்டி என்றால் ஆண்டுக்கு ஒரு பெட்டிக்குச் சில கிலோதான் எதிர்பார்க்கலாம், இத்தாலியத் தேனீ நல்ல பூ இருக்கும் இடத்தில் இருபது முப்பது கிலோகூடக் கொடுக்கும். நாட்டுத் தேனீப் பெட்டி ஐந்து வைத்திருப்பவரிடம் வருடம் முழுக்க, கேட்கும்போதெல்லாம், கேட்ட அளவுக்குத் தேன் இருக்கிறது என்றால் கணக்கு இடிக்கிறது. வெளியே மொத்தமாக வாங்கி ஊற்றி விற்கிறார் என்று அர்த்தம். அது குற்றமில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வாங்கி விற்கலாம், ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். "தீர்ந்துபோச்சுங்க, அடுத்த பூவுக்குத்தான்" என்று சொல்லும் பண்ணை மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

அடுத்தது பூ. பால் பண்ணை என்றதும் பச்சைப் பசேல் தீவனக் காடு, அதில் தேனீ மொய்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தீவனத்தில் பாதிக்குத் தேனே கிடையாது. கம்பு நேப்பியரும் தீவனச் சோளமும் புல் வகை, மக்காச்சோளமும் அப்படித்தான், காற்றிலேயே மகரந்தம் பரப்பிக்கொள்பவை. மக்காச்சோளத்தில் தேனீ வந்து மகரந்தம் எடுக்கும், தேன் கிடைக்காது. குதிரைமசால், குளோவர் இரண்டிலும் நல்ல தேன் உண்டு, ஆனால் குதிரைமசாலைப் பூ எடுக்கத் தொடங்கியதுமே அறுத்துவிடுவார்கள், முற்றவிட்டால் நார் கூடிப் புரதம் குறையும் என்பதால். ஆகவே "எங்க குதிரைமசால் தேன்" என்று சொன்னால், "பூக்க விடுவீங்களா?" என்று கேளுங்கள். சிலர் விதைக்காக ஒரு பாத்தியை அறுக்காமல் விடுவார்கள், அது வேறு. பெரும்பாலும் தேன் வருவது வேலியோர மரங்களிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கடுகு, சூரியகாந்தி, தோப்புகளிலிருந்தும்தான். தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் சாதாரணமாகப் போய் வரும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும். அதனால் "நாங்க மருந்தே அடிக்கிறதில்லை, முழு இயற்கை" என்பது அவர் வயலுக்குப் பொருந்தலாம், தேனுக்கு அப்படியே பொருந்தாது. பக்கத்து வயலில் அடிப்பது தேனீக்கும் சேர்த்துத்தான்.

மருந்து பற்றிக் கேட்பதற்குப் பால் பண்ணை மாதிரி வசதியான இடம் கிடையாது. மடிநோய்க்கு ஊசி போட்டால் இத்தனை நாள் அந்த மாட்டின் பாலை விற்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம், தினப்படி பழக்கம். அதே கணக்கில் கேளுங்கள்: "தேனீக்கு மருந்து வச்சா எத்தனை நாள் கழிச்சுத் தேன் எடுப்பீங்க?" தேனீக்கும் வரோவா என்ற உண்ணி உண்டு, அதற்கு ஃபார்மிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம், தைமால், பெட்டிக்குள் தொங்கவிடும் அமிட்ராஸ் தோய்த்த பட்டை என்று பல வைத்தியம் இருக்கிறது. இங்கேதான் ஒரு சிக்கல். இந்த அமிட்ராஸ்தான் மாட்டு உண்ணிக்கும் மருந்து. மாட்டுக்கு வாங்கிய பாட்டில் கொட்டகையிலேயே இருக்கும்போது, அதையே கலக்கிப் பெட்டிக்குள் விட்டால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும். வரக் கூடாது. தேனீக்கென்று வரும் பட்டையின் அளவு வேறு, மாட்டு மருந்தின் அளவு வேறு, அதில் சேர்த்திருக்கும் கரைப்பானும் வேறு. "பட்டைதான் வைப்போம், தேன் தட்டு ஏத்துறதுக்கு முன்னாடியே எடுத்துடுவோம்" என்று ஒருவர் சட்டென்று சொன்னால் அவர் விவரம் தெரிந்தவர் (தேன் தட்டு என்பது தேன் சேர்வதற்காகப் பெட்டிக்கு மேலே ஏற்றும் அடுக்கு). கொட்டகையில் ஈக்கு என்ன அடிக்கிறார்கள் என்றும் கேட்டுவையுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்துகள் ஈயையும் கொல்லும் தேனீயையும் கொல்லும், தேனீ வளர்ப்பவர் அதைப் பெட்டிப் பக்கம் அடிக்க மாட்டார்.

ஒரு பண்ணையில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கல்லு கல்லாய் அடுக்கி, மேலே ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மாடு குடிக்கிறப்ப தேனீ விழுந்து செத்துடுதுங்க, இதுல உக்காந்து குடிச்சிட்டுப் போகட்டும்னு." சாக்கின் ஓரத்தில் இருபது தேனீயாவது வரிசையாக உட்கார்ந்து, வயிறு ஏறி இறங்க, உறிஞ்சிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் வேறு எதுவும் கேட்கவில்லை, இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சர்க்கரைத் தண்ணீர் பற்றிக் கேட்க நிறைய பேர் தயங்குகிறார்கள், கேட்டால் சண்டையாகிவிடுமோ என்று. தயங்க வேண்டாம். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைக் கரைசல் வைப்பது தேனீயைக் காப்பாற்றத்தான், எல்லா இடத்திலும் நடப்பதுதான். கேட்க வேண்டியது "எப்ப நிறுத்தினீங்க" என்பதை. பூ தொடங்கியதும் நிறுத்தி, அதற்குப் பிறகு தேன் தட்டை ஏற்றியிருந்தால் சரி. "நாங்க சர்க்கரையே காட்டினதில்லை" என்று அடித்துச் சொல்பவரைவிட, மாதக் கணக்கோடு சொல்பவரை நான் நம்புவேன்.

தேன் பழுத்ததா என்பது அடுத்தது, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பூவிலிருந்து கொண்டுவருவது தண்ணீராக இருக்கும், தேனீக்கள் சிறகை விசிறி வற்ற வைத்து, போதுமான அளவு வற்றியதும் தேனடையின் அறையை மெழுகால் மூடும். தேனடை நிற்கும் மரச் சட்டம் ஒன்றில் முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்தால் எடுக்கலாம். அவசரப்பட்டு மூடாததை எடுத்துத் தேன் பிழியும் இயந்திரத்தில் சுற்றினால் ஈரம் அதிகமாகி, பாட்டிலுக்குள் புளித்துப்போகும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அளவு, 18க்குள் இருந்தால் நிம்மதி. கொடுக்கில்லாத குட்டித் தேனீயின் கொசுத்தேன் இதில் சேராது, அது இயல்பிலேயே நீர்த்துத்தான் இருக்கும், புளிப்பும் இருக்கும்.

ஈரத்தை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று பேனா நீளத்துக்கு ஒரு கருவி உண்டு. வேடிக்கை என்னவென்றால் நல்ல பால் பண்ணையில் அது ஏற்கெனவே இருக்கலாம், சீம்பாலின் தரம் பார்க்க. சீம்பாலில் பிரிக்ஸ் அளவு, அதாவது கரைந்திருக்கும் பொருள் எவ்வளவு என்று காட்டும் எண், 22க்கு மேல் காட்டினால் கன்றுக்கு நல்லது என்று ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கருவி வழக்கமாக 32 வரைதான் காட்டும், தேனோ எண்பதில் நிற்பது. தேனுக்கென்று 58இலிருந்து 90 வரை காட்டும் கருவி தனி. "மீட்டர் வச்சுப் பார்த்துட்டோம்" என்றால், எந்த மீட்டர் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

சூடு காட்டினார்களா என்பதையும் கேட்க வேண்டும். பாலில் சூடு நல்லது, கிருமி சாகும். அந்தப் பழக்கத்தில் தேனையும் காய்ச்சி வடிகட்டுபவர்கள் இருக்கிறார்கள். தேனில் தண்ணீர் குறைவு, அமிலத்தன்மையும் உண்டு, அதில் கிருமி பெருகாது, எனவே பாலுக்குச் சொல்லும் காரணம் தேனுக்குச் செல்லாது. அதிகச் சூட்டில் மணம் போய்விடும், நொதிகள் சிதையும், சர்க்கரை சூட்டில் சிதைந்து உண்டாகும் எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். கூட்டுக்குள் புழு இருக்கும் இடத்தில் தேனீ வைத்திருக்கும் சூடே ஏறத்தாழ 35 டிகிரிதான். துணியிலோ மெல்லிய சல்லடையிலோ வடித்து, இரண்டு நாள் நிற்கவைத்து, மேலே வந்த மெழுகையும் நுரையையும் எடுத்துவிட்டு ஊற்றினால் போதும். எதில் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு பார்வை பாருங்கள்: எவர்சில்வர் கேன், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் சரி, தகர டின்னும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. மூடாமல் கொட்டகைப் பக்கம் வைத்திருந்தால் தேன் வாசனையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அதை முகர்ந்தாலே தெரியும்.

விலை பேசும்போது எடையா அளவா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தேன் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 1.4 கிலோ பிடிக்கும், அரை லிட்டரில் 700 கிராம். ஒருவர் லிட்டர் கணக்கிலும் இன்னொருவர் கிலோ கணக்கிலும் சொன்னால் எது மலிவு என்பது தலைகீழாகிவிடும். முதல் தடவை சின்ன பாட்டிலே வாங்குங்கள். எந்தப் பூ, எந்த மாதம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே எழுதுங்கள், ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

சொந்தப் பாட்டில் கொண்டுபோகிறவர்களுக்கு என் கதை. ஒரு முறை கழுவிய பாட்டிலைக் கொடுத்து நிரப்பி வாங்கி வந்தேன். ஒரு மாதத்தில் மேலே வெள்ளை நுரை, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று, புளித்த வாடை. நேராகப் பண்ணைக்குப் போய், ஈரத் தேனைக் கொடுத்துவிட்டீர்களே என்று ஆரம்பித்தேன். அந்த அக்கா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார், "கழுவிட்டு வெயில்ல காயவச்சீங்களா?" இல்லை. அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் இருந்திருக்கும். அதே கேனில் இருந்து அவர் வீட்டுக்கு வைத்திருந்ததைக் காட்டினார், பளிச்சென்று இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு உறைந்துபோனால் பயப்படாதீர்கள், சர்க்கரை கலந்திருக்கிறது என்று பண்ணைக்காரரிடம் சண்டைக்கும் போகாதீர்கள். குளுக்கோஸ் படிகமாவதுதான் அது. கடுகுப் பூத்தேன் சில வாரங்களிலேயே கட்டிவிடும். 14 டிகிரி வாக்கில் வேகமாக உறையும், ஆகவே ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையே இல்லை. இளக வேண்டுமானால் 40 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், கை பொறுக்கும் சூட்டில், பாட்டிலை நிற்கவையுங்கள். அடியில் கட்டி மேலே நீராக இரண்டாகப் பிரிந்து நின்றால் மட்டும் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், மேலே நிற்பதில் ஈரம் கூடுதல், அது புளிக்கும்.

உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் மகரந்த அலர்ஜி போய்விடும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்காதீர்கள். அலர்ஜி கொடுப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தம், தேனீ கொண்டுவருவது பூவில் ஒட்டும் மகரந்தம், இரண்டும் வேறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தப் பண்ணைத் தேனும், எவ்வளவு நல்ல தேனும், நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், வீட்டில் காய்ச்சும் சூட்டில் அவை சாவதில்லை.

பிடித்திருந்தால் அடுத்த பூவுக்கு முன்பே சொல்லிவையுங்கள், சின்னப் பண்ணையில் பழகியவர்களுக்கே முதலில் போகும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். காயவைத்துக் கொடுங்கள்.