பின்னத்தின் பகுதியில் உள்ள எண்ணை மாற்றாதீர்கள்: சமவாய்ப்பு மருத்துவச் சோதனையின் முடிவுகளைக் கணக்கிட்டு எழுதும் முறை

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்காகக் கொண்டுவரும் எக்செல் தாளில் நான் முதலில் எண்ணுவது வரிசைகளைத்தான். ஒருமுறை, நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்த எண்ணிக்கையைவிடத் தாளில் பதினேழு வரிசைகள் குறைவாக இருந்தன. அந்தப் பதினேழு பேர் எங்கே என்று கேட்டபோது, "அவங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலை சார், அதனால எடுத்துட்டேன்" என்று மாணவர் மிக இயல்பாகச் சொன்னார். தவறு செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ முடிவு செய்யாமல் குலுக்கல் போன்ற ஒரு முறை முடிவு செய்வதே சமவாய்ப்பு ஒதுக்கீடு. அதனால் இரு குழுக்களும் வயதிலும் நோயின் தீவிரத்திலும் நாம் அளந்திராத பலவற்றிலும் சராசரியாக ஒத்திருக்கும். இத்தனை சிரமப்பட்டுப் பெற்ற அந்த ஒப்புமை, ஒதுக்கீட்டுக்குப் பின் நடந்தவற்றைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கும்போதே குலையத் தொடங்குகிறது. ஆகவே பின்னத்தின் தொகுதியில் (மேல் எண்ணில்) எத்தனை பேர் வந்தாலும், பகுதியில் (கீழ் எண்ணில்) நிற்க வேண்டியவர்கள் அந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் அனைவரும்தான்.

தரவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கணக்கிடும் திட்டத்தை, எந்தக் குழு எது என்று தெரிவதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு வைத்துவிட வேண்டும். முதன்மை விளைவு (சோதனை முக்கியமாக அளக்கும் ஒன்று) எது, அதை எந்த நாளில் அளப்பது, எந்தப் புள்ளியியல் முறையைக் கையாள்வது, தரவு விடுபட்டால் என்ன செய்வது, எந்த உட்குழுக்களைத் தனியாகப் பார்ப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007-ல் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளை அதில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் உங்கள் கட்டுரையைக் கையில் எடுத்தால் அந்தப் பதிவையும் திறந்து பார்ப்பார். பதிவில் 'ஆறாம் மாத இறப்பு' என்றும் கட்டுரையில் 'மூன்றாம் மாத எக்ஸ்ரே முன்னேற்றம்' என்றும் இருந்தால் அந்த மாற்றத்துக்கான காரணத்தையும் தேதியையும் நீங்களே எழுதியிருக்க வேண்டும். அவர் கண்டுபிடித்துக் கேட்கும் நிலைக்கு விடக் கூடாது.

முதன்மை விளைவு நோயாளிக்குப் பொருள் உள்ளதாக இருக்கட்டும். மாரடைப்புக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறை என்கைனைடு, பிளகைனைடு என்ற மருந்துகள் நன்றாகவே அடக்கின, ஈ.சி.ஜி.யை மட்டும் பார்த்தால் வெற்றிதான். அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற சோதனை இறப்பை எண்ணியது. 1991-ல் வெளியான முழு அறிக்கையின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும் பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள்.

யார் வந்தார்கள், யார் போனார்கள்

முடிவுகள் பகுதியின் முதல் படம் நோயாளிகளின் ஓட்டப் படமாக இருக்க வேண்டும். தகுதி பார்க்கப்பட்டவர்கள், ஒதுக்கப்பட்டவர்கள், சிகிச்சை பெற்றவர்கள், தொடர்பு விட்டுப்போனவர்கள், கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் என ஒவ்வொரு கட்டத்திலும் குழுவாரியாக எண்ணும், விலகியவர்களுக்குக் காரணமும் வேண்டும். 1996-ல் முதலில் வந்து 2001, 2010, 2025 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட கன்சார்ட் நெறிமுறை (சமவாய்ப்புச் சோதனைகளின் அறிக்கையை எழுதுவதற்கான சர்வதேச வழிகாட்டி) இதைத்தான் வற்புறுத்துகிறது. அதன் சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டுரை முடிந்தபின் நிரப்புவது நம்மிடையே வழக்கம். எழுதத் தொடங்கும்போதே அதை மேசையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

அடுத்து வரும் தொடக்கநிலை அட்டவணையில் வயது, பாலினம், எடை, நோயின் தீவிரம் ஆகியவற்றைக் குழுவாரியாகக் கொடுங்கள். பி மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பை) அங்கே கொடுக்காதீர்கள். ஒதுக்கீடு முறையாக நடந்திருந்தால் அங்கே காணும் வேறுபாடு தற்செயலானதே என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு சோதனை தேவையில்லை. வழிகாட்டிகள் சிலர் இன்றும் அந்தப் பத்தியைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மரியாதையுடன் கன்சார்ட் நெறிமுறையைக் காட்டிவிடுங்கள்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால்தானே மருந்தின் உண்மையான பலன் தெரியும் என்ற கேள்வி எல்லோருக்கும் வருவதுதான். இதற்கு அமெரிக்காவின் கரோனரி டிரக் புராஜெக்ட் 1980-ல் வெளியிட்ட எண்களைவிட நல்ல பதில் கிடையாது. கொழுப்பைக் குறைக்கும் குளோபிபிரேட் மாத்திரைகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ உட்கொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15.0 விழுக்காடு, அதைவிடக் குறைவாக உட்கொண்டவர்களில் 24.6 விழுக்காடு. மருந்து உயிரைக் காக்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத பிளாசிபோ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 15.1 விழுக்காடு, சாப்பிடாதவர்களில் 28.3 விழுக்காடு. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பல வகைகளில் வேறு மாதிரியான மனிதர்கள். வேறுபாட்டை உண்டாக்கியது மாத்திரைக்குள் இருந்த பொருள் அன்று. எனவே ஒதுக்கப்பட்டபடியே அனைவரையும் வைத்துச் செய்யும் கணக்கை முதன்மையாக எழுதி, சோதனைத் திட்டத்தில் சொன்னபடி சிகிச்சையைப் பின்பற்றியவர்களை மட்டும் கொண்ட கணக்கைத் துணையாக, அதன் பலவீனத்தையும் சொல்லிக் கொடுங்கள். புதிய சிகிச்சை பழையதைவிடத் தாழ்ந்ததல்ல என்று நிறுவ முயலும் சோதனையில் மட்டும் இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகின்றனவா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும்; அங்கே ஒழுங்கற்ற மருந்துப் பழக்கம் இரு குழுக்களையும் ஒன்றுபோலக் காட்டிவிடக்கூடும்.

கடைசி அளவீடு கிடைக்காதவர்களுக்கு முந்தைய வருகையின் எண்ணை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது எளிது. ஆனால் விலகிய நாளோடு அவருடைய நோய் உறைந்து நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள். பன்முறை ஈடுசெய்தல் (விடுபட்ட எண்ணை மற்றத் தரவிலிருந்து பலமுறை மதிப்பிட்டு நிரப்பிக் கணக்கிடுவது) போன்ற முறைகளைக் கையாண்டு, விடுபட்டவர்கள் அனைவருக்கும் மோசமான விளைவே நேர்ந்திருந்தால் முடிவு நிலைக்குமா என்றும் ஒருமுறை கணக்கிட்டுக் காட்டுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் கணக்கிடுவோம்

1948-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டைப் புள்ளியியலாளர் பிராட்போர்டு ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வகுத்து, மூடிய உறைகளில் வைத்திருந்தார். கடுமையான நுரையீரல் காசநோய் உள்ள 107 பேரில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதங்களுக்குள் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவது குழுவில் 14 பேரும் இறந்தார்கள்.

முதலில் பின்னங்களையே எழுதுங்கள்: 4/55, அதாவது 7.3 விழுக்காடு, 14/52, அதாவது 26.9 விழுக்காடு. இரண்டின் கழித்தல் 19.7 விழுக்காட்டுப் புள்ளிகள். இதன் திட்டப் பிழையைக் காண, ஒவ்வொரு குழுவிலும் இறந்தோர் விகிதத்தைப் பிழைத்தோர் விகிதத்தால் பெருக்கி, அந்தக் குழுவின் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், 7.1 புள்ளிகள் வரும். அதை 1.96-ஆல் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 5.8 முதல் 33.5 வரை. ஒப்பீட்டு இடர் 7.3-ஐ 26.9-ஆல் வகுத்த 0.27, அதன் இடைவெளி, மடக்கை வழியே கணக்கிட்டால், 0.10 முதல் 0.77 வரை. ஓர் இறப்பைத் தவிர்க்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற எண், 100-ஐ 19.7-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 5. அதற்கும் இடைவெளி உண்டு, 3 முதல் 17 வரை.

இவற்றில் ஒன்றை மட்டும் எழுதுவது போதாது. 'இறப்பு 73 விழுக்காடு குறைந்தது' என்ற வாக்கியம் தன்னளவில் சரியானதே. ஆனால் 1000-ல் நான்கு பேர் இறக்கும் நோயில் அது ஒருவராகக் குறைந்தாலும் ஏறத்தாழ இதே வாக்கியத்தை எழுத முடியும். ஒப்பீட்டு அளவையும் கழித்தல் அளவையும் அருகருகே வைத்தால்தான் வாசகருக்கு நிலைமை புரியும். பி மதிப்பைக் கடைசியில், 'பி < 0.05' என்று சுருக்காமல், வந்த எண்ணையே எழுதுங்கள். இங்கே கை-வர்க்கச் சோதனையில் அது ஏறத்தாழ 0.007.

இந்தச் சோதனையின் மிச்சக் கதையும் அறிக்கை எழுதுபவருக்குத் தேவையானது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, ஸ்ட்ரெப்டோமைசின் குழுவில் 55 பேரில் 32 பேரும் மற்றதில் 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகி எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதுதான் ஆறு மாத வெற்றி கரைந்ததற்கு முக்கியக் காரணம். பகுதி மாறவில்லை, காலம் மாறியது, முடிவும் மாறிவிட்டது. எனவே 'இறப்பைக் குறைக்கிறது' என்று எழுதும் இடத்தில் 'ஆறு மாதங்களில்' என்ற சொல் விடுபடவே கூடாது.

விளைவு எண்ணளவாக இருந்தால்

இரத்த அழுத்தம், சர்க்கரை, வலி மதிப்பெண் போன்றவற்றில் நான் மிக அதிகமாகத் திருத்தும் பிழை ஒன்று உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்: மருந்துக் குழுவில் அழுத்தம் சராசரியாக 8 புள்ளிகள் இறங்கியது, பி மதிப்பு 0.03; கட்டுப்பாட்டுக் குழுவில் 6 புள்ளிகள் இறங்கியது, பி மதிப்பு 0.09. இதைக் கொண்டு 'மருந்து மட்டுமே பலனளித்தது' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு 2 புள்ளிகள் மட்டுமே. அதை யாரும் சோதிக்கவே இல்லை. ஒவ்வொரு குழுவையும் அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டால் ஒதுக்கீடு செய்ததற்கே பொருளில்லாமல் போகும். தொடக்க அளவைச் சரிக்கட்டும் இணைமாறிப் பகுப்பாய்வைச் செய்து, குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டை நம்பிக்கை இடைவெளியோடு எழுதுங்கள். நிகழ்வு வரை ஆகும் காலம் முதன்மை விளைவாக இருந்தால் கப்லான்-மையர் கோட்டின் (காலம் செல்லச் செல்ல நிகழ்வு நேராதவர்களின் விகிதத்தைக் காட்டும் வரைபடத்தின்) அடியில் ஒவ்வொரு காலப் புள்ளியிலும் எத்தனை பேர் கண்காணிப்பில் எஞ்சியிருக்கிறார்கள் என்ற வரிசை வேண்டும்.

உட்குழுக்கள்

ஆண்களில் பலன், பெண்களில் இல்லை. அறுபதுக்கு மேல் பலன், கீழே இல்லை என்று பிரித்துக்கொண்டே போனால் ஏதாவது ஓரிடத்தில் ஏதாவது கிடைத்தே தீரும். 1988-ல் வெளியான ஐசிஸ்-2 சோதனையில், மாரடைப்பு ஏற்பட்ட 17,187 பேரில் ஆஸ்பிரின் இறப்பைத் தெளிவாகக் குறைத்தது. உட்குழு ஆய்வின் ஆபத்தைக் காட்டுவதற்காகவே ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்வதுபோல வந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கெல்லாம் நல்ல பலன். (அது பிறந்த தேதியை வைத்து மேலைநாட்டார் பார்க்கும் சூரிய ராசி. நம் ஊர்ச் சந்திர ராசிப்படி பிரித்திருந்தால் வேறு இருவர் மாட்டியிருப்பார்கள்.) உட்குழு வேண்டுமென்றால் முன்கூட்டியே சிலவற்றை மட்டும் அறிவித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பி மதிப்பைப் பார்க்காமல், குழுக்களுக்கிடையே பலன் வேறுபடுகிறதா என்று ஊடாட்டச் சோதனை செய்யுங்கள், எத்தனை உட்குழுக்களைப் பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பாதகங்களும் முடிவுரையும்

'மருந்து நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது' என்ற ஒற்றை வரி பாதக அறிக்கை ஆகாது. எந்தப் பாதகம், எத்தனை பேருக்கு, எவ்வளவு தீவிரம், எத்தனை பேர் அதனால் மருந்தை நிறுத்தினார்கள் என்பதை இரு குழுக்களுக்கும் அதே பகுதியோடு கொடுக்க வேண்டும். நிகழ்வுகளை எண்ணுகிறீர்களா ஆட்களை எண்ணுகிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கே ஐந்து முறை வாந்தி வந்திருக்கலாம்.

வேறுபாடு தென்படாத சோதனையை எழுதுவதுதான் கடினம். பி மதிப்பு 0.05-ஐத் தாண்டினால் 'இரண்டும் சமம்' என்று எழுதிவிட முடியாது. இடைவெளியின் இரு முனைகளையும் காட்டி, எவ்வளவு பெரிய வேறுபாட்டை இந்தத் தரவு விலக்குகிறது, எவ்வளவை விலக்கவில்லை என்று எழுத வேண்டும். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) இதற்கு நல்ல முன்மாதிரி. ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் அந்த ஐந்தாண்டுத் தொடர் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான வாலஸ் பாக்ஸின் தலைமையில், அங்கே 193 நோயாளிகளை வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியத்துக்குமாக (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஒதுக்கி, இரு குழுக்களுக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற காசநோய் மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-ல் வந்த அறிக்கை, வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவாகவே கிடைத்தன என்பதைச் சொன்னது; அப்படியிருந்தும் முடிவுகள் சானடோரியத்தோடு ஒப்பிடத்தக்கவையாக இருந்தன. அதோடு நிறுத்தாமல், நோயாளிகளோடு வசித்தவர்களுக்குக் காசம் பரவியதா என்று குடும்பத்தாரையும் தொடர்ந்து பார்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும் நோயாளிகளின் நிலையைப் பதிந்தார்கள்.

சுருக்கத்தின் கடைசி வரியை எழுதும்போது முதன்மை விளைவின் முடிவை மட்டும், அதன் கால அளவோடு எழுதுங்கள். பின்பு சோதனையில் பங்கில்லாத ஒருவரிடம் சுருக்கத்தையும் அட்டவணைகளையும் ஓட்டப் படத்தையும் கொடுத்து, ஒவ்வொரு பின்னத்தின் பகுதியும் மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்று பேனாவால் குறித்துவரச் சொல்லுங்கள். அந்த மாணவர் இரண்டாம் முறை கொண்டுவந்த தாளில் பதினேழு வரிசைகளும் திரும்ப வந்திருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் விலகிய தேதியும் காரணமும் இருந்தன.