சித்திரை முதல் நாளில் 20 பேருக்கு வீட்டில் இலை போடுவது எப்படி?

சித்திரை முதல் நாளன்று வீட்டாரும் விருந்தினருமாக 20 பேர் சாப்பிடப் போகிறோம் என்றால், என்னென்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், சமைக்கவும் பரிமாறவும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று கணக்கிடுங்கள். இரண்டு பேர் சமைக்கும் வீட்டில் பருப்பு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மாங்காய்ப் பச்சடி, வடை, அப்பளம், பாயசம், மோர் என்பதே நிறைவான விருந்து. இதற்கு மேல் ஒன்று கூடினாலும், இலை போடும் நேரத்தில் நீங்கள் அடுப்படியிலேயே நிற்க நேரிடும். முகம் பார்த்துப் பரிமாற ஆள் இல்லாத பந்தியில் பதினைந்து வகை இருந்தும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ போதும். வடையும் பாயசமும் இருக்கும் நாளில் யாரும் வழக்கமான அளவுக்குச் சோறு சாப்பிடுவதில்லை. சாம்பாருக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு, நெய்யோடு முதலில் பரிமாறுவதற்குத் தனியாகக் கால் கிலோ, உருளைக்கிழங்குப் பொரியல் என்றால் ஒன்றரைக் கிலோ, மோருக்கு 2 லிட்டர் தயிர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரிசி முழுவதையும் ஒரே தடவையில் வடித்துவிடாமல், முதல் பந்திக்கு இலை போடும்போது மீதிக்கு உலை வைத்தால் அடுத்த பந்திக்கும் சோறு சூடாகக் கிடைக்கும்.

வாழையிலைக்கு இரண்டு நாள் முன்பே சொல்லி வைப்பது நல்லது. கிழிந்தவை போகக் கணக்கு வர வேண்டுமென்பதால் ஐந்து இலை கூடுதலாகக் கேளுங்கள். முந்தின நாளே அப்பளத்தைப் பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி வைத்துவிடலாம். சித்திரை வெயிலில் பால் சீக்கிரம் உறைந்து புளித்துவிடும். ஆகையால் படுக்கப்போகும் நேரத்தில் குறைவாக உறை ஊற்றி, விடிந்ததும் தயிரைக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு எளிதில் ஊசிப்போகும் என்பதால் அதை அன்று காலையில்தான் செய்ய வேண்டும்.

அன்றைய இலையின் நாயகம் மாங்காய்ப் பச்சடிதான். மாங்காயைத் தோலோடு துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து நன்றாக வேகவிட்ட பிறகே வெல்லப்பாகை ஊற்றுங்கள். வெல்லம் முதலில் விழுந்தால் துண்டுகள் வேகாமல் விறைத்துக்கொள்ளும். கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு குறைவு என்பதால், பாகை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டி, காய்ந்த வேப்பம்பூவை நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு மேலே தூவுங்கள். முன்கூட்டியே கலந்துவிட்டால் பச்சடி முழுவதும் கசப்பு இறங்கி, அதைக் குழந்தைகள் தொடவே மாட்டார்கள்.

பாயசத்தில் நான் ஒருமுறை பட்டது இன்னும் மறக்கவில்லை. பந்தி அமர்ந்துவிட்ட அவசரத்தில், கொதித்துக்கொண்டிருந்த வெல்லப்பாகில் பாலை ஊற்றினேன். கண்ணெதிரிலேயே எல்லாம் திரிதிரியாகப் பிரிந்துபோனது. அடுப்பை அணைத்து, பாயசம் ஆறிய பிறகு, காய்ச்சி ஆறிய பாலைச் சேர்த்தால் இந்த வருத்தம் நேராது. வடைக்கு உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்தாலும், உப்பை மட்டும் எண்ணெய் காய்ந்த பிறகு சேருங்கள். முன்பே சேர்த்தால் மாவு நீர்த்து, வடை எண்ணெய் குடிக்கும்.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பண்டங்களை வைக்கும் வரிசை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் வீட்டு வழக்கத்தையே பின்பற்றுங்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்களுக்கு மேசையில் அதே இலையை, அதே நேரத்தில் போடுங்கள். அவர்களைத் தனியே முன்கூட்டிச் சாப்பிட வைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் யாரென்று முன்பே தெரிந்துகொண்டால், பந்தியில் எல்லோர் முன்னாலும் அவர்கள் பாயசத்தை மறுத்துக்கொண்டிருக்க நேராது. பரிமாறும்போது “வேண்டுமா?” என்று கேட்டால் கூச்சப்படுகிறவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். கரண்டியோடு அருகில் குனிந்து, “இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள், கை தானாக இலையில் குழி பறிக்கும். இலையை மறைத்துக் கை நீட்டியவரை மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

முதல் பந்தி தொடங்குவதற்கு முன்பே, கடைசியில் சாப்பிடப்போகிறவர்களின் பங்கைப் பச்சடியும் வடையும் உட்படத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவிடுங்கள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் அடியில் தங்கிய ரசத்தையும் ஆறிய சோற்றையும் சாப்பிட்டு எழும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கிறது. அது அடியோடு மாற வேண்டும். முதல் பந்தியில் சாப்பிடப்போகிறவர்களில் இரண்டு பேரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். அவர்கள் கை கழுவி வந்ததும் சாம்பார் வாளியை வாங்கிக்கொள்ள, சமைத்தவர்கள் முழு இலையின் முன் உட்கார்ந்து, சூடான சோற்றில் நெய் விட்டுச் சாப்பிடட்டும்.